உக்கிராணத்தின் ஆறாம் விதி

பிரசங்க மேடையிலிருந்து கேட்கப்படும் கேள்விகளுக்கு யாரும் பதில் சொல்வதில்லை. எல்லாச் சபைகளிலும் உள்ள ஏற்பாடு இது. கேட்பவர் கேட்டுவிட்டு ஒரு மடக்குத் தண்ணீர் குடிப்பார். கேட்கப்பட்டவர்கள் தங்கள் நகங்களைப் பார்ப்பார்கள். பிறகு அவரே பதிலையும் சொல்லிவிடுவார்.

உக்கிராணத்துவ மாதத்தின் முதல் ஞாயிறன்று போதகர் அந்த நம்பிக்கையில்தான் கேட்டார்.

"வீடு, நேரம், கை கால், பாத்திரம் பண்டம், எதுவுமே நம்மளோடது இல்ல. எல்லாம் அவரோடது. நாம வெறும் உக்கிராணக்காரங்க. பத்திரமா வச்சிருந்து, அவர் காட்டுற ஆளுக்கு எடுத்துக் குடுக்குறவங்க. இந்தச் சபையில உக்கிராணக்காரரா இருக்க யாரு ஆயத்தம்?"

கேட்டுவிட்டுத் தண்ணீர் டம்ளரை வாயில் வைத்தார். மூன்றாவது வரிசையில் ஒரு கை எழுந்தது. போதகருக்குப் புரையேறியது.

கை தூக்கியவர் ஸ்டோர் சார். குழாய் தொழிற்சாலை ஒன்றில் முப்பத்தொரு வருடம் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் காலத்தில் அந்த ஸ்டோரிலிருந்து ஒரு போல்ட்கூடக் காணாமல் போனதில்லை. மூன்று பிரதியில் எழுதிய சீட்டு, இரண்டு மேலதிகாரிகளின் கையெழுத்து, ஒரு முத்திரை ஆகியவை இல்லாமல் எதுவும் வெளியே போனதும் இல்லை. அவர் விடைபெற்ற மறுநாள் உள்ளே நுழைந்தவர்கள் மேல் தட்டில் நானூறு ஜோடி தோல் கையுறைகளைக் கண்டெடுத்தார்கள். எல்லாம் காய்ந்து பலகையாக விறைத்திருந்தன. அந்த முப்பத்தொரு வருடத்தில் பட்டறையில் எத்தனை பேர் கையைக் கிழித்துக்கொண்டார்கள் என்பதை யாரும் குறித்து வைக்கவில்லை. அது ஸ்டோர் சம்பந்தப்பட்ட விஷயம் அல்ல.

சபையில் பாதிப் பேருக்கு உக்கிராணம் என்ற சொல்லே புதிது. மீதிப் பேருக்கு அது விருந்து வீட்டில் சாமான்களைப் பூட்டி வைக்கும் அறை. ஸ்டோர் சாருக்கும் அப்படித்தான். உக்கிராணம் என்றால் ஸ்டோர், உக்கிராணக்காரர் என்றால் ஸ்டோர் கீப்பர். ஓய்வு பெற்று எட்டு மாதமாகச் சமையலறை டப்பாக்களுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்த ஒரு மனிதரைப் பரலோகமே பதவி சொல்லி அழைக்கும்போது அவர் எப்படிச் சும்மா உட்கார்ந்திருப்பார்?

போதகர் இருமி முடித்து, அது எல்லோருக்குமான கேள்வி என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் கமிட்டி உறுப்பினர் ஒருவர் கைதட்டிவிட்டார். தன்னைக் கேட்டுவிடுவார்களோ என்று பயந்திருந்த மற்ற எல்லோரும் மன நிம்மதியோடு சேர்ந்து தட்டினார்கள். இப்படியாக இருநூறு பேர் செய்ய வேண்டிய ஆவிக்குரிய கடமை ஒரே ஞாயிற்றுக்கிழமையில் ஒருவர் தலையில் வைக்கப்பட்டது. சபை அன்று சீக்கிரம் கலைந்தது.

ஆலயத்தின் பின்பக்கம் ஞாயிறு பள்ளியின் மூன்றாம் வகுப்பு அறை இருந்தது. அது உக்கிராணமாயிற்று. மூன்றாம் வகுப்பு வராந்தாவுக்குப் போயிற்று. மழை பெய்தால் இரண்டாம் வகுப்போடு சேர்ந்து கொள்ளும். அதனால் அந்த ஆண்டு ஏழு வயதுப் பிள்ளைகளும் எட்டு வயதுப் பிள்ளைகளும் ஒரே பாடத்தை இரண்டு தடவை படித்தார்கள்.

உங்களிடம் சும்மா கிடப்பதைக் கொண்டு வாருங்கள், தேவைப்படுகிறவர்களுக்குப் போகட்டும் என்று போதகர் அறிவித்தார். சபையார் கொண்டுவந்து குவித்தார்கள். மனிதர்களின் தாராளம் வேண்டாத சாமானில் நன்றாகத் தெரியும். ஆனாலும் சில நல்ல பொருட்களும் வந்தன. இரண்டு ஏணிகள், பன்னிரண்டு குடைகள், முப்பது கம்பளிகள், ஒரு தையல் மெஷின். கூடவே ஒரு சக்கர நாற்காலி. இறந்துபோன தன் தந்தைக்காக ஒருவர் வாங்கியது அது. தந்தை அவசரப்பட்டுவிட்டதால் ஒருநாள்கூட யாரும் உட்காராதது.

எல்லாவற்றிற்கும் ஸ்டோர் சார் எண் போட்டார். உ-1 முதல் உ-214 வரை. சக்கர நாற்காலி உ-47. அதன்மேல் நான்கு சுற்று பிளாஸ்டிக் சுற்றி, பசை நாடா ஒட்டி, ஜன்னல் ஓரமாக நிறுத்தினார். பதிவேட்டில் 'நிலை: புதியது' என்று எழுதினார். பிறகு கதவில் ஒரு பலகை மாட்டினார். அதில் ஒன்பது விதிகள் இருந்தன. எல்லாவற்றையும் சொல்லி வாசகரைச் சோதிக்கப் போவதில்லை. மூன்று போதும். நான்காம் விதி: பொருளைப் பயன்படுத்தப் போகிறவர் நேரில் வந்து கையெழுத்திட வேண்டும். ஆறாம் விதி: உக்கிராணக்காரர் தன் வீட்டுக்கு எதையும் எடுக்கக் கூடாது. ஒன்பதாம் விதி: விலக்கு வேண்டுவோர் மாதத்தின் முதல் ஞாயிறு கூடும் கமிட்டிக்கு எழுத்தில் விண்ணப்பிக்க வேண்டும்.

ஆறாம் விதியைப் பற்றி அவருக்குத் தனிப் பெருமை. உலகத்தில் எத்தனை ஸ்டோர் கீப்பர்கள் இதை எழுதியிருப்பார்கள் என்று மனைவியிடம் கேட்டார். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"எழுதித்தான் வைக்கணுமா? எடுக்காம இருந்தாப் போதாதா?"

"எழுதினாத்தான் விதி. எழுதலைன்னா அது வெறும் குணம்."

அந்த வருடம் உக்கிராணம் அருமையாக நடந்தது. ஒரு அடக்க ஆராதனையின்போது திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. பன்னிரண்டு குடைகள் இருபது அடி தூரத்தில் இருந்தன. குடை வாங்கப் பன்னிரண்டு பேரும் தனித்தனியே படிவம் நிரப்ப வேண்டியிருந்தது. நான்காவது ஆள் முகவரி எழுதிக்கொண்டிருந்தபோது மழை நின்றுவிட்டது. குடைகள் நனையவில்லை. நனைந்ததெல்லாம் துக்கத்தில் இருந்தவர்கள்தான். அவர்களுக்கு எண் போட்டிருக்கவில்லை.

தையல் டீச்சர் வந்தது அதற்கு அடுத்த வாரம். ஆலயத்துக்கு எதிர்த் தெருவில் பெண்களுக்குத் தையல் சொல்லிக்கொடுக்கிறவர். பக்கவாதம் வந்த தன் அப்பாவை வெளிக்காற்றுக்கு அழைத்துப் போகச் சக்கர நாற்காலி கேட்டார்.

"அப்பா நேர்ல வந்து கையெழுத்துப் போடணும்மா."

"அவரால நடக்க முடியாதுன்னுதான் சார் நாற்காலியே கேக்குறேன்."

"புரியுது. ஆனா நேர்ல வரணும்னுதான் விதி. எப்படி வரணும்னு விதியில இல்ல. அது உங்க வசதி."

தையல் டீச்சர் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். துணியை வெட்டுவதற்கு முன் அளவு பார்க்கிற பார்வை அது.

"சரி சார். அப்பாவைப் பறந்து வரச் சொல்றேன்."

பறந்து வரவில்லை. டீச்சர், மூடிப்போன ஒரு கம்ப்யூட்டர் சென்டரின் வாசலில் வெயிலில் கிடந்த சுழல் நாற்காலியைத் தூக்கி வந்தார். அதில் கால் வைக்க ஒரு பலகையைக் கட்டினார். பை வார்களைத் தைத்து இடுப்புக்கு ஒரு பெல்ட் போட்டார். நாலு மாதம் அவருடைய அப்பா அதில் உட்கார்ந்து தெருவை ஆண்டார். பிறகு போய்ச் சேர்ந்தார். நாற்காலி போகவில்லை. பக்கத்து வீட்டுக்குப் போயிற்று. அங்கிருந்து அடுத்த தெருவுக்கு. அது எங்கே இருக்கிறது என்று கேட்டால் யாராவது ஒருவருக்கு எப்போதும் தெரிந்திருந்தது. அதற்கென்று ஒரு பதிவேடு இல்லை என்பது ஸ்டோர் சாரின் காதில் விழுந்தபோது உண்மையாகவே வருந்தினார்.

ஆண்டுக் கூட்டத்தில் அவருடைய அறிக்கை இரண்டே வரி. "ஒரு பொருள்கூடத் தொலையவில்லை. ஒரு பொருள்கூடச் சேதமாகவில்லை." சபை கைதட்டியது. எத்தனை பொருட்கள் வெளியே போயின என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மூன்று என்று சொல்லியிருப்பார். மூன்றும் ஏணிதான். மூன்று தடவையும் ஆலயத்தின் பல்பு மாற்ற எடுத்தது.

இவ்வளவு ஒழுங்கான மனிதரின் வீட்டில் ஒழுங்கு என்பதே கிடையாது. காரணம் மனைவி. அந்த வீட்டுக் குக்கர் எந்த நேரத்தில் யார் வீட்டு அடுப்பில் இருக்கும் என்று சொல்ல முடியாது. பெரிய வாணலி மாடி வீட்டில். இஸ்திரிப் பெட்டி தெருக்கோடி வீட்டில். பதிலுக்கு யாருடையதென்று தெரியாத டப்பாக்கள் இவர்கள் அலமாரியில் குடியிருந்தன. அவர் ஒட்டிய சீட்டுகளும் வீணாயின. சீனி என்று எழுதிய டப்பாவில் உப்பு இருக்கும், உப்பு என்று எழுதியதில் பக்கத்து வீட்டுச் சாவி இருக்கும்.

"நம்ம பொருள் நம்ம வீட்ல இருக்கணும்னு உனக்குத் தோணவே தோணாதா?"

"நமக்கு வேணும்னா கேட்டா குடுக்கப் போறாங்க. எங்க ஓடிடப் போகுது?"

அவளுக்கு உக்கிராணம் என்ற சொல் தெரியாது. போதகர் அந்தப் பிரசங்கம் செய்த ஞாயிறன்று அவள் ஆலயத்துக்கும் வரவில்லை. அக்கா வீட்டில் இருந்தாள்.

அக்கா அவளைவிடப் பதினோரு வயது மூத்தவள். இரண்டு தெரு தள்ளி, கார் நுழையாத சந்து ஒன்றில் மகன் வீட்டில் இருந்தாள். நினைவு தப்பி நாலு வருடமாகிறது. மகனைத் தெரியாது, மருமகளைத் தெரியாது, தன் பெயர் தெரியாது. தங்கையையும் தெரியாது என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் தங்கை கையில் கரண்டியோடு எதிரே உட்கார்ந்தால் வாய் தானாகத் திறக்கும். வேறு யார் ஊட்டினாலும் திறக்காது. சிறு வயதில் இவளுக்கு ஊட்டிய அக்கா அவள். அந்த ஞாபகம் மூளையில் இல்லாமல் வாயில் தங்கியிருக்கலாம் என்று டாக்டர் ஒருவர் அழகாகச் சொன்னார். அதற்கு மருந்து சொல்லவில்லை. அதனால் நாலு வருடமாக தினமும் பதினொன்றரைக்கு அவள் சந்துக்குள் நடப்பாள். மசித்த சாப்பாட்டை முக்கால் மணி நேரம் ஊட்டுவாள். முகம் துடைத்து, தலை வாரிவிட்டு வருவாள். மழை, காய்ச்சல், விருந்தாளி எதற்காகவும் ஒருநாளும் தவறியதில்லை. இதற்குச் சபையில் யாரும் கைதட்டியதாகத் தகவல் இல்லை.

ஒரு திங்கட்கிழமை, கோடி வீட்டு வாளியைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது பின்படியில் வழுக்கி விழுந்தாள். கணுக்காலில் எலும்பு முறிவு. முழங்கால் வரை கட்டு. ஆறு வாரத்துக்குக் கால் தரையில் படக்கூடாது என்று டாக்டர் சொன்னார்.

"நம்ம வாளிகூட இல்ல," என்றார் ஸ்டோர் சார், மருத்துவமனையிலிருந்து வரும் வழியில்.

"விழுந்தது நம்ம கால்தானே," என்றாள் அவள்.

செவ்வாயன்று அக்கா சாப்பிடவில்லை. மகன் கெஞ்சினான். மருமகள் பாட்டுப் பாடிப் பார்த்தாள். புதனன்று மருமகளுக்கு ஒரு யோசனை வந்தது. சித்தியின் புடவை ஒன்றை வாங்கிக் கட்டிக்கொண்டு போய் உட்கார்ந்தாள். அக்கா புடவையைத் தொட்டுப் பார்த்தாள். வாய் லேசாகத் திறந்தது. பிறகு கண் முகத்துக்குப் போயிற்று. வாய் மூடிக்கொண்டது. அப்புறம் தொலைபேசியில் சித்தியைப் பேச வைத்தார்கள்.

"அக்கா, நான்தான். ஆ காட்டு. ஒரே ஒரு வாய்."

அக்கா வாயைத் திறந்து தொலைபேசியைக் கடிக்கப் போனாள். கரண்டி பக்கத்தில் வந்ததும் மூடிக்கொண்டாள்.

அன்று மாலை மருமகள் வீட்டுக்கே வந்தாள்.

"டாக்டர் வந்து பாத்துட்டார் சித்தி. தண்ணி மட்டும்தான் எறங்குது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் பாப்போம், சாப்பிடலைன்னா கூட்டிட்டு வந்துடுங்க, மூக்கு வழியா குழாய் போட்டுடலாம்னு சொல்றார். போட்டா இவங்க பிடுங்குவாங்களாம். அதனால கையைக் கட்டி வைக்கணுமாம்."

அவள் கட்டுப்போட்ட காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மருமகள் போனதும் கணவனைக் கூப்பிட்டாள்.

"இங்க பாருங்க. அந்தச் சக்கர நாற்காலியை எடுத்துட்டு வாங்க. நாளைக்குக் காலையில நான் போகணும்."

ஸ்டோர் சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்கு அது யோசிக்கும் முறை.

"ஆறாம் விதி இருக்கே."

"எது?"

"நான் நம்ம வீட்டுக்கு எடுக்கக் கூடாது."

"நீங்க எடுக்க வேணாம். எனக்குக் குடுங்க. நான் எடுத்துக்கிறேன்."

"அப்ப நாலாம் விதி வருது. நீ நேர்ல வந்து கையெழுத்துப் போடணும்."

அவள் கணவனை உற்றுப் பார்த்தாள். கேலி செய்கிறாரோ என்று ஒரு நப்பாசை அவளுக்கு இருந்திருக்கலாம். முப்பத்தெட்டு வருட இல்லறத்தில் அவர் கேலி செய்ததே கிடையாது.

"விதியை எழுதினது யாரு?"

"நான்தான். எழுதினவனே மீறினா நாளைக்கு எவன் மதிப்பான்? தையல் டீச்சருக்கு அன்னைக்கு இல்லைன்னு சொல்லிட்டு இன்னைக்கு என் பெண்டாட்டிக்கு எடுத்துக் குடுத்தா ஊர் என்ன பேசும்?"

"அன்னைக்கு அவங்களுக்கும் குடுத்திருக்கலாம். இன்னைக்கு ஊர் பேச ஒண்ணும் இருந்திருக்காது."

இதற்குப் பதில் சொல்ல எந்த விதியும் கிடைக்காததால் அவர் வெளியே போய்விட்டார்.

அவரைக் கல்மனசுக்காரர் என்று நினைக்க வேண்டாம். வியாழன் முழுவதும் அவர் மனைவியின் அக்காவுக்காக அலைந்தார். ஒன்பதாம் விதிப்படி விலக்கு வாங்கத்தான். கமிட்டி உறுப்பினர் ஏழு பேரையும் தொலைபேசியில் பிடித்தார். ஏழு பேரும் தாராளமாக எடுத்துக்கோங்க சார் என்றார்கள். எழுத்தில் தர முடியுமா என்று கேட்டதும் ஏழு பேருக்கும் வேறு அழைப்பு வந்தது. கமிட்டி கூட இன்னும் பதினேழு நாள் இருந்தது. கடைசியில் போதகர் வீட்டுக்குப் போனார். போதகர் அடுத்த ஞாயிறுக்கான பிரசங்கத்தை எழுதிக்கொண்டிருந்தார்.

"எடுத்துட்டுப் போங்க சார். இதுல என்ன இருக்கு?"

"அப்ப ஆறாம் விதியை ரத்து பண்ணி ஒரு வரி எழுதிக் குடுங்க ஐயா."

"அந்த விதியெல்லாம் நான் போடலையே."

"உக்கிராணக்காரர்னு பதவி குடுத்தது நீங்கதானே?"

போதகர் பேனாவை மூடி வைத்தார். ஒரு வருடமாகத் தொண்டையில் நின்றிருந்த தண்ணீரை இப்போதுதான் விழுங்குகிறவர்போல் இருந்தது அவர் முகம்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. அன்னைக்கு நான் பதவி எதுவும் குடுக்கல. எல்லாரையும்தான் கேட்டேன். எல்லாரும் அவங்கவங்க வீட்ல, வேலையில, அப்படி இருக்கணும்னு அர்த்தம். நீங்க கையைத் தூக்கிட்டீங்க."

"உக்கிராணக்காரர்னா ஸ்டோர் கீப்பர்தானே?"

"வச்சிருக்கிறவர்தான். ஆனா எடுத்துக் குடுக்கிறதுக்காக வச்சிருக்கிறவர். பூட்டுறதுக்காக இல்ல."

"இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே ஐயா."

"சொல்லலாம்னுதான் இருந்தேன். கைதட்டிட்டாங்க."

இரண்டு பேரும் மேசை விரிப்பைப் பார்த்தார்கள். அது புது விரிப்பு. ஓரத்தில் உ-88 என்ற சீட்டு இருந்தது. போதகர் அதன் மேல் மெதுவாகக் கையை வைத்து மறைத்தார். எப்படி வந்தது என்று கேட்கும் மனநிலையில் ஸ்டோர் சார் இல்லை.

அன்று இரவு அவர் தூங்கினாரா என்பது தெரியாது. வெள்ளி காலை ஒன்பதரைக்கு, யாருடைய கையெழுத்தும் இல்லாமல், அவர் உக்கிராணத்தைத் திறந்தார். வரலாற்றில் முதல் தடவையாக ஆறாம் விதி மீறப்பட இருந்தது. கதவைத் திறப்பதற்கு முன் பலகையை ஒருமுறை பார்த்துக்கொண்டார் என்று கோயில் பெருக்குகிறவர் பிற்பாடு சொன்னார்.

உ-47 ஜன்னல் ஓரத்தில் நின்றது. மாதா மாதம் அவர் அதைச் சரிபார்த்திருந்தார். பிளாஸ்டிக்கின் மேல் இரண்டு தட்டு, பதிவேட்டில் ஒரு கோடு. பன்னிரண்டு கோடுகள் வரிசையாக, ஒரே உயரத்தில், அழகாக இருந்தன. அவர் பசை நாடாவைக் கத்தரித்து நான்கு சுற்றையும் அவிழ்த்தார்.

ஜன்னல் வழியே ஒரு மழைக்காலம் முழுவதும் தண்ணீர் வந்திருக்கிறது. வந்த தண்ணீரைப் பிளாஸ்டிக் வெளியே விடாமல் பத்திரமாக வைத்திருந்திருக்கிறது. இரும்பெல்லாம் செங்கல் நிறம். டயர்கள் நின்ற இடத்திலேயே தரையோடு ஒட்டிக்கொண்டிருந்தன. இழுத்தபோது ரப்பர் தரையில் தங்கிவிட்டது, சக்கரம் மட்டும் வந்தது. இருக்கையின் துணியில் எலி ஒன்று குடும்பம் நடத்தியிருந்தது. அது யாரிடமும் படிவம் கேட்டிருக்கவில்லை.

அவர் சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்தார். சுழலவில்லை. எண்ணெய் விட்டார். உ-131, திறக்கப்படாத எண்ணெய் டப்பா. அப்போதும் சுழலவில்லை. தூக்கிக்கொண்டு போகலாம் என்று பார்த்தார். முதுகு ஒத்துழைக்கவில்லை. பத்தேமுக்கால் ஆகிவிட்டது. ஒருநாளும் யாரும் உட்காராத அந்த நாற்காலியின் விளிம்பில் அவர் உட்கார்ந்தார். அது அவரைத் தாங்கியது. அதற்கு மட்டும் லாயக்காக இருந்தது.

வீட்டுக்கு என்ன சொல்லிக்கொண்டு போவது என்று வழியெல்லாம் வாக்கியம் அமைத்துக்கொண்டே போனார். 'பொருள் பழுதடைந்துள்ளது' என்பதில் யார் பழுதாக்கினார்கள் என்பது வராது. அது அவருக்குப் பிடித்திருந்தது. வீட்டு வாசலில் அந்த வாக்கியம் தேவைப்படவில்லை. கதவு திறந்து கிடந்தது. கட்டிலில் மனைவி இல்லை. சமையலறையில் இல்லை. அவள் எங்கே போக முடியும்? அவளால்தான் எங்கேயும் போக முடியாதே.

மாடி வீட்டுப் பெண் எட்டிப் பார்த்தாள்.

"உங்க வீட்டம்மாவைத் தேடுறீங்களா? நான்தான் போய்ச் சொன்னேன், தையல் டீச்சர் வந்து தள்ளிட்டுப் போனாங்களே. எங்க வீட்டுக்காரர்தான் படியிறக்கிவிட்டார். பாதித் தெரு கூடப் போச்சு."

அவர் நடந்தார். இரண்டு தெரு தாண்டி சந்துக்குள் நுழைந்தபோது மூச்சு வாங்கியது. அக்கா வீட்டு வாசல் நிலைப்படியில் ஒரு பலகை சாய்த்துப் போட்டிருந்தது. சக்கரம் ஏறுவதற்கு. உள்ளே எட்டிப் பார்த்தார்.

சுழல் நாற்காலியில் மனைவி உட்கார்ந்திருந்தாள். கட்டுப் போட்ட கால் பலகையின் மேல் நீட்டியிருந்தது. எதிரே அக்கா. பக்கத்தில் மருமகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தையல் டீச்சர் நாற்காலி நகராமல் முதுகுப் பக்கத்தைப் பிடித்திருந்தார். கிண்ணத்தில் பாதி காலியாகியிருந்தது.

"ஆ," என்றாள் மனைவி. அக்கா வாயைத் திறந்தாள். நாலு நாள் பசிக்கு அவசரமே இல்லாமல், வழக்கம்போல, ஒவ்வொரு வாயையும் யோசித்து விழுங்கினாள்.

யாரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. மனைவி மட்டும் கரண்டியிலிருந்து கண் எடுக்காமல் சொன்னாள்.

"சும்மா நிக்கிறதுக்கு அந்தத் துண்டைப் பிடிங்க. தாடையில வழியுது பாருங்க."

அவர் துண்டைப் பிடித்தார். கடைசி வாய் வரை பிடித்தார். வழிந்தபோது துடைத்தார். இரண்டாவது தடவை துடைத்தபோது அக்கா அவர் கையைப் பார்த்தாள். துரத்தவில்லை. அது ஒரு பெரிய அனுமதி என்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

கிண்ணம் காலியானதும் மருமகள் டாக்டருக்குப் போன் செய்ய உள்ளே போனாள். தையல் டீச்சர் கையை உதறிக்கொண்டு வந்தார்.

"உங்க நாற்காலி என்ன ஆச்சு சார்?"

அவர் தயார் செய்து வைத்திருந்த வாக்கியத்தைத் தேடினார். வரவில்லை.

"கெட்டுப்போச்சு. வச்சு வச்சே கெடுத்துட்டேன்."

டீச்சர் குத்திக் காட்டவில்லை. அதைவிட மோசம், சிரிக்கவும் இல்லை.

"இது நாலு மணிக்குப் பேக்கரிக்காரர் வீட்டுக்குப் போகணும். அவர் மாமியார் மாலையில வெளிய உக்காருவாங்க. முதல்ல உங்க வீட்டம்மாவை வீட்ல எறக்கிட்டு அங்க கொண்டுபோய் விட்டுடுறீங்களா? எனக்கு வகுப்பு இருக்கு. பிளவுஸை வெட்டச் சொல்லிட்டு வந்திருக்கேன், என்ன கதி ஆயிருக்கோ."

"இதுக்கு ஃபாரம் எதாவது?"

"துடைச்சுக் குடுத்தாப் போதும் சார்."

மனைவியைத் தள்ளிக்கொண்டு அவர் சந்தில் நடந்தார். அலுவலகத் தரைக்குச் செய்த சின்னச் சக்கரங்கள் ஒவ்வொரு கல்லையும் அவருடைய மணிக்கட்டுக்குச் சொன்னன. பழக்க தோஷத்தில் நாற்காலிக்கு எண் ஒட்டியிருக்கிறதா என்று தேடினார். எண் இல்லை. இருக்கையில் யாரோ தைத்துப் போட்ட மெத்தை இருந்தது. ஒரு கைப்பிடியில் யாரோ சுற்றிய துணி. ஐந்து சக்கரங்களில் இரண்டு வேறு நிறம். போன வீட்டிலெல்லாம் அதற்கு ஏதோ ஒன்று கூடியிருந்தது.

"மெதுவா," என்றாள் மனைவி. "நான் ஒண்ணும் பைப்பு இல்ல."

"பைப்பா இருந்தா இவ்வளவு பேசாது."

அவள் தலையைத் திருப்பிப் பார்த்தாள். முப்பத்தெட்டு வருடத்தில் முதல் கேலி. சுமாராகத்தான் இருந்தது. ஆனாலும் சிரித்து வைத்தாள்.

நாலு மணிக்குப் பேக்கரிக்காரர் வீட்டில் நாற்காலியை விட்டார். கை தானாகச் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தது. பேக்கரிக்காரர் நாற்காலியை வாங்கிக்கொண்டு, பேனா தனக்குத்தானோ என்று அதையும் வாங்கிக்கொண்டு, நன்றி சொல்லிக் கதவைச் சாத்தினார்.

அடுத்த ஞாயிறன்று போதகர் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை என்று பேசிக்கொண்டார்கள். ஸ்டோர் சார் அதைக் கேட்க அங்கே இல்லை. பதினொரு மணிக்கு அவர் பேக்கரிக்காரர் வீட்டு வாசலில் நின்றார். உள்ளே மாமியார் நாற்காலியிலிருந்து இன்னும் எழுந்திருக்கவில்லை, பத்து நிமிடம் ஆகும் என்றார் பேக்கரிக்காரர். கையில் பேனா இல்லாமல் எப்படிக் காத்திருப்பது என்று தெரியாமல் ஸ்டோர் சார் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

"நீங்க எதுக்கு சார் அலையணும்? யாரையாவது அனுப்பியிருக்கலாமே."

"இல்ல, நேர்லதான் வரணும்," என்றார் ஸ்டோர் சார்.

"யாருக்கு சார் வேணும் நாற்காலி?"

அவர் தெருவில் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பார்த்தார்.

"எங்க வீட்டுக்குத்தான்," என்றார்.